ஒன்பது வரிசை, ஒரு ராட்டினம்

ஏப்ரல் 28, திங்கள்

லாண்டரியில் இரண்டாம் மெஷின் இன்றும் ஓடவில்லை. ஆஸ்பத்திரி ஷீட்டு முந்நூற்றையும் ஒரே மெஷினில் போட்டு எடுத்தோம். மூன்றாம் வார்டு மூட்டையை நான் பிரிக்க மாட்டேன் என்று சொல்லி ஏழு மாதம் ஆகிறது. சூப்பர்வைசர் ஏன் என்று கேட்டதில்லை. தங்கச்சி கடைசியாகப் படுத்திருந்தது அந்த வார்டில்தான் என்று அவருக்கும் தெரியும். இன்று ஆள் குறைவு. நான்தான் பிரித்தேன். ஷீட்டு ஷீட்டாகத்தான் இருந்தது. அதற்கே எனக்குக் கோபம் வந்தது.

வீட்டுக்கு வந்தால் சுண்டு வாசலிலேயே நிற்கிறாள். தங்கச்சி பெற்றது. ஒன்பது வயசு. ஏழு மாதமாக என்னோடுதான் இருக்கிறாள்.

"பெரியம்மா, அப்பா போன் பண்ணினார். வியாழக்கிழமை வர்றாராம்."

"உன்கிட்ட வேற என்ன பேசினார்?"

"சாப்பிட்டியான்னு கேட்டார்."

"நீ?"

"சாப்பிட்டேன்னு சொன்னேன்."

அவ்வளவுதான். அப்பனும் மகளும் பேசுவது காசு கொடுத்து டிக்கெட் வாங்குவது மாதிரி இருக்கும். நடுவில் இவள் அம்மா இருந்தவரைக்கும் அது யாருக்கும் தெரியவில்லை. அங்கிருந்து வாங்கி இங்கே கொடுப்பாள், இங்கிருந்து வாங்கி அங்கே கொடுப்பாள். இப்போது நடுவில் ஆள் இல்லை.

மே 1, வியாழன்

வந்தார். பஸ் டிப்போவில் டைம்கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எது லேட்டு என்று எழுதி வைக்கிற வேலை. ஐந்து மணி நேரப் பயணம் வந்த மனுஷன், தண்ணீர் குடிக்கும் முன்னால் என் சுவர்க்கடிகாரம் நாலு நிமிஷம் பிந்திப் போகிறது என்று சொல்லித் திருத்தி வைத்தார்.

தீம் பார்க் பாஸ் மூன்று, யூனியன் குலுக்கலில் விழுந்ததாம். பத்தாம் தேதி சனிக்கிழமை மட்டும்தான் செல்லும்.

"நான் எதுக்கு தம்பி? எனக்கென்ன வயசு திரும்புதா?"

"நீங்க இல்லேன்னா அவ வரமாட்டா அக்கா."

அது உண்மைதான். அப்புறம் சுண்டு குளிக்கப் போன நேரம் பார்த்துச் சொன்னார். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் ஒரு முடிவு எடுக்க வேண்டுமாம். "அந்த ஒரு நாள் என்கூட நல்லா இருந்தான்னா நான் கூட்டிட்டுப் போறேன். மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டான்னா உங்ககிட்டயே இருக்கட்டும். அவளைக் கட்டாயப்படுத்த மாட்டேன்."

ஒரு பிள்ளையை ஒரு நாளில் பார்த்து முடிவு பண்ணுவார்களா? புது பஸ்ஸா இது, ஒரு ட்ரிப் ஓட்டிப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்ள?

வாயில் வந்தது, சொல்லவில்லை. ஏனென்றால் நாள் நன்றாகப் போகக்கூடாது என்று மனசு ஒரு மூலையில் நினைத்துக்கொண்டது. எழுதிவிட்டேன். எழுதினதை அடித்துவிடப் போவதில்லை.

மே 6, செவ்வாய்

அட்டவணை வந்திருக்கிறது! போனில் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். நான் படித்தது ஐந்தாவது. அதில் இருக்கிற கோடும் கட்டமும் பார்த்தால் தலை சுற்றுகிறது. சுண்டுதான் வாசித்தாள். 9.10 கேட். 9.18 கடைசி ராட்டினம், ஏனென்றால் எல்லாரும் முதலில் இருக்கிறதில் போய் விழுவார்களாம், நாம் பின்னாலிருந்து வரவேண்டுமாம். 11.35 பாத்ரூம். பாத்ரூமுக்குக்கூட மணி போட்டிருக்கிறார். வராவிட்டால் என்ன செய்வதாம்?

போன் போட்டுக் கேட்டேன். அதை விட்டுவிட்டு வேறொன்று சொன்னார். அவரும் சுண்டுவும் ஒரு ராட்டினத்தில் இருக்கும்போது இன்னொரு ஆள் அடுத்த வரிசையில் நின்றுகொண்டிருக்க வேண்டுமாம். இவர்கள் இறங்கி வந்ததும் அந்த இடத்தில் புகுந்துகொள்வார்கள். ஒரு நிமிஷம் வீணாகாது.

"அந்த இன்னொரு ஆள் யாரு?"

சிரித்தார். "ஸ்பேர் மாதிரி அக்கா. டிப்போவுல ஒரு ஸ்பேர் வண்டி எப்பவும் ரெடியா நிக்கும்."

நான் ஸ்பேர் வண்டி. ரொம்ப சந்தோஷம்.

மே 9, வெள்ளி

சாயங்காலத்திலிருந்து சுண்டு நாலு தடவை பாத்ரூம் போய்விட்டாள். நாளைக்கு ஊர் சுற்றப் போகிற சந்தோஷம் போலிருக்கிறது.

மே 11, ஞாயிறு

இரண்டு காலையும் வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நேற்று நடந்ததை ஒழுங்காக எழுதாவிட்டால் எனக்கே பின்னால் நம்பிக்கை வராது.

ஒன்பது வரிசை. ஒன்பதிலும் நின்றவள் நான்.

கேட் திறந்ததும் ஓட்டம். சின்னப் பிள்ளைகளே நடந்து போகிறார்கள், எங்கள் டைம்கீப்பர் கையில் அட்டவணையோடு ஓடுகிறார், பின்னால் சுண்டு, அதற்குப் பின்னால் தண்ணீர் பாட்டில் மூன்று, மாற்றுத் துணி, ரொட்டி, அவித்த முட்டை எல்லாம் தூக்கிக்கொண்டு நான். போகிற வழியில் ஒரு குளமும் அதில் வாத்தும் இருந்தது. சுண்டு நின்றாள். "வாத்து அட்டவணையில இல்லம்மா," என்றார். சிரிப்புக்குத்தான் சொன்னார். அவள் சிரிக்கவில்லை, ஓடினாள்.

முதல் ராட்டினம் ஆடுகிற கப்பல். அவர்கள் அதில் ஏறும்போதே என்னை அடுத்ததற்கு அனுப்பிவிட்டார். சுற்றுகிற கோப்பை. நின்றேன். முன்னால் நூறு பேர். இரும்புக் கம்பி வெயிலில் காய்ந்து, கை வைத்தால் நம் லாண்டரி பிரஸ் மாதிரி சுடுகிறது. நகர்ந்து நகர்ந்து வாசலுக்கு வரும்போது இரண்டு பேரும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து நின்றார்கள். நான் கம்பிக்குக் கீழே குனிந்து வெளியே வந்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. அங்கிருந்து அடுத்தது. அடுத்ததிலிருந்து அதற்கடுத்தது.

நாலாவது வரிசையில் பின்னால் நின்ற குடைக்காரி பிடித்துக்கொண்டாள். "என்னம்மா, நீங்க நிக்கறீங்க, வேற ரெண்டு பேர் வந்து ஏறுவாங்களா? இது என்ன பஸ் சீட்டா, கர்சீப் போட்டு வைக்க?"

"ஆமாம்மா. நான்தான் கர்சீப்."

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அரை மணி நேரம் அவள் மாமியாரைப் பற்றிக் கேட்டேன். அந்த மாமியாருக்கும் எனக்கும் இனி ஒளிவு மறைவே இல்லை.

அந்த வரிசையில்தான் சுண்டு தனியாக வந்தாள். அப்பா முகம் கழுவப் போயிருக்கிறாராம். உதடு வெளுத்திருந்தது.

"நல்லா இருக்கா கண்ணு?"

தலையை ஆட்டினாள். அப்புறம் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குப் பிடிக்கவே இல்ல பெரியம்மா. வயித்துக்குள்ள எல்லாம் கழண்டு போற மாதிரி இருக்கு. அப்பாகிட்ட சொல்லிடாதே. அப்பாவுக்கு ராட்டினம்னா உயிராம். எனக்காகத்தான் போகாம இருந்தாராம். அம்மா சொல்லியிருக்கா."

அவர் வருவது தெரிந்ததும் பல்லைக் காட்டிச் சிரித்தாள். பார்க்கச் சகிக்கவில்லை.

மதியம் சாப்பாடு. 1.05 முதல் 1.25 வரை. மனுஷன் ஒரு முட்டையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். சுண்டு குழாயடிக்குப் போனதும் தலையைக் கையில் தாங்கிக்கொண்டார்.

"என்னால முடியல அக்கா. அந்த டவர் ராட்டினம் மேலேருந்து விழுந்தப்ப உயிரே போச்சு. டிப்போவுல பஸ்ஸுல பின்சீட்டுல உட்கார்ந்தாலே எனக்குக் குமட்டும்."

"அப்ப எதுக்குத் தம்பி ஏறறீங்க?"

"அவளுக்கு உயிராச்சே. அவ அம்மா எப்பவும் சொல்லுவா, 'சுண்டு தீம் பார்க் தீம் பார்க்னு உருகறா, உங்களுக்கு எங்க நேரம்'னு. உயிரோட இருந்தவரைக்கும் கூட்டிட்டுப் போகல. இப்பவாவது..."

நான் பேசவில்லை.

பேசியிருக்க வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. அப்பாவுக்குப் பிடிக்காது, மகளுக்கும் பிடிக்காது, எழுந்திருங்க, வாத்தைப் பார்க்கலாம்! என் வாய்க்குள்ளேயே இருந்தது. ஆனால் சொன்னால் இரண்டு பேரும் சிரித்துவிடுவார்கள். சிரித்தால் நாள் நன்றாகிவிடும். நன்றாகிவிட்டால் அவள் போய்விடுவாள். கட்டினவன் விட்டுப் போய்ப் பதினாலு வருஷம், கூடப் பிறந்தவள் போய் ஏழு மாதம், இப்போது இதுவுமா? நான் முட்டையின் ஓட்டைப் பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "1.25 ஆச்சு," என்றார். எழுந்து போய் வரிசையில் நின்றேன்.

ஐந்து, ஆறு, ஏழு, எட்டு.

எட்டாவதில் நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. மகளிடம் "அப்பாவுக்கு உயிர்." அப்பனிடம் "மகளுக்கு உயிர்." இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தது. அப்போ யாருக்கடி உயிர்?

அவளுக்கு. என் தங்கச்சிக்குத்தான்! சின்ன வயசில் ஊஞ்சலில் உட்கார மாட்டாள், எழுந்து நிற்பாள். இன்னும் தள்ளு, இன்னும் தள்ளு என்று என் கையை ஒடிப்பாள். தனக்கு வேண்டும் என்று வாய்விட்டு ஒன்றைக் கேட்டதில்லை, அடுத்தவர் பெயரில்தான் கேட்பாள். எனக்குத் தொண்டை கட்டி மூச்சு விட முடியாமல் கிடந்தபோது எங்கள் அப்பாவிடம் போய், "அக்காவுக்கு ஐஸ்கிரீம் வேணுமாம்" என்றவள். வந்ததை முழுக்கத் தானே தின்றாள். இங்கேயும் அதே வேலை. இவரிடம் சுண்டு பெயரைச் சொல்லி, சுண்டுவிடம் இவர் பெயரைச் சொல்லி, எப்படியாவது ஒரு நாள் இங்கே வந்துவிட நினைத்திருக்கிறாள். வரவில்லை. இவர்கள் இரண்டு பேரும் அவளுக்குப் பிடித்த ராட்டினத்தில் ஏறி ஏறி வாந்தி எடுக்கிறார்கள்.

வரிசையில் நின்றபடியே அவளைத் திட்டினேன். சத்தமாகவே திட்டினேன் போலிருக்கிறது, முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார். அடிப்பாவி, எனக்காவது சொல்லியிருக்கக் கூடாதா? நான் வந்திருப்பேனே. உன்னோடு வந்திருப்பேனே.

ஒன்பதாவது, எல்லாவற்றிலும் பெரியது. மலை மாதிரி கட்டிய இரும்புத் தண்டவாளம். அதில் ஒரு ரயில் தலைகீழாகப் போகிறது. ஒரு மணி நேரம் பத்து நிமிஷம் நின்றேன். வாசலுக்கு வரும்போது வந்தார்கள். அவர் முகம் வெளிறிப் போயிருந்தது. சுண்டு, இந்த வெயிலில், ஸ்வெட்டரை இடுப்பில் சுற்றிக் கட்டியிருந்தாள்.

பத்தொன்பது வருஷமாக அடுத்தவர் துணியைப் பார்த்தே பிழைக்கிறவள் நான். எதை மறைக்க எங்கே கட்டுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? பயத்தில் பிள்ளை பாவாடையை நனைத்திருக்கிறாள். அப்படியும் "சூப்பர்ப்பா," என்கிறாள். "அப்ப இதுலயும் போயிடலாம்," என்கிறார் அவர், தூணைப் பிடித்துக்கொண்டு.

அவ்வளவுதான். என்ன பேசினேன் என்று முழுக்க நினைவில்லை.

"நிறுத்துங்க ரெண்டு பேரும்! இவளுக்கும் பிடிக்கல, உங்களுக்கும் பிடிக்கல. இவகிட்ட உங்க பேரைச் சொல்லியிருக்கா, உங்ககிட்ட இவ பேரைச் சொல்லியிருக்கா. ஆசை அவளுக்கு! என் தங்கச்சிக்கு! அந்தக் கள்ளிக்கு! போங்க, போய் அந்த பெஞ்சுல உட்காருங்க. ஒருத்தரோட ஒருத்தர் வாயைத் திறந்து பேசுங்க. நான் வந்து சொல்லணும், அவ வந்து சொல்லணும்னு எத்தனை நாளைக்கு?"

இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கினவர்கள் மாதிரி நின்றார்கள். பையிலிருந்து மாற்றுப் பாவாடையை எடுத்து, சுருட்டி, சுண்டு கையில் வைத்தேன். அவள் என் கண்ணைப் பார்த்தாள். போனார்கள்.

"நீங்க வர்றீங்களா இல்லையாம்மா?" ரயிலுக்கு ஆள் ஏற்றுகிற பெண் கேட்டாள்.

ஒரு மணி நேரம் பத்து நிமிஷம் நின்றிருக்கிறேன். அந்த இடத்தை யாருக்கு விட்டுக் கொடுப்பேன்? ஏறினேன்.

தோளில் இறக்குகிற பட்டையில் பஞ்சு வெளியே தெரிந்தது. ஊர்ப்பட்ட வேர்வை நாற்றம். "இதையெல்லாம் துவைக்கறதே இல்லையாம்மா?" என்று கேட்டேன். "கையை உள்ளே வைங்க," என்றாள்.

கிளம்பியதும் எல்லாரும் கத்தினார்கள். எனக்குக் கத்த வரவில்லை. உச்சியில் போய் ரயில் ஒரு நொடி நின்றது. இதற்காகவா இவ்வளவு ஆசைப்பட்டாய் என்று நினைத்துக் கீழே பார்த்தேன். பெஞ்சு தெரிந்தது. அவர் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவள் அவருக்கு எதிரே நின்று இரண்டு கையையும் ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். என்னிடம் அவள் அப்படிக் கை ஆட்டிப் பேசியதில்லை.

அப்புறம் ரயில் கவிழ்ந்தது. வானம் தரை எல்லாம் மாறிப் போனது. உண்மையைச் சொன்னால், நன்றாகத்தான் இருந்தது. அதுவும் எரிச்சல்.

இறங்கி வந்தேன். சுண்டு பாவாடை மாற்றியிருந்தாள். அவர் கண் சிவந்திருந்தது, ஆனால் முகத்தில் ரத்தம் ஓடியது. "4.40 ட்ரிப் கேன்சல் அக்கா," என்றார். மூடும் வரை வாத்துக் குளத்தில்தான் இருந்தோம். மிச்ச ரொட்டியை அவர்கள் போட்டார்கள். என்னை வரிசையில் நிற்கச் சொல்ல ஒருவரும் இல்லை. எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

மே 13, செவ்வாய்

இடுப்பு வலி. சூப்பர்வைசர், "எங்கம்மா போயிருந்தீங்க?" என்றார். "நிக்கப் போயிருந்தேன்," என்றேன்.

மே 18, ஞாயிறு

போன். "அக்கா, நீங்களே சொல்லுங்க. அன்னிக்கு நாள் நல்லா போச்சா, போகலையா?"

எனக்கு வந்ததே கோபம். இந்த மனுஷனுக்கு எவ்வளவு சொன்னாலும் ஏறாதா? "என்கிட்ட ஏன் கேக்கறீங்க? அவளைக் கேளுங்க," என்று போனை அவளிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன், காதில் விழக்கூடாது என்று. கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன். பதினோரு நிமிஷம் பேசினார்கள். குழாயை மூடின பிறகும் பேசினார்கள்.

சுண்டு வந்து கதவில் சாய்ந்தாள். "பெரியம்மா, நான் அப்பாகூடப் போகட்டுமா?"

"போயேன். நானா பிடிச்சு வச்சிருக்கேன்?"

சொன்ன விதம் சரியில்லை. பிறகு கூப்பிட்டுத் தலை வாரிவிட்டேன். வாரின தலையையே இரண்டு தடவை வாரினேன்.

மே 24, சனி

சுண்டுவின் துணி பதினான்கு உருப்படி. எல்லாம் துவைத்து, தேய்த்து, மடித்தாயிற்று. முழங்கால் கிழிந்த ஒன்றைத் தைக்கவில்லை. அங்கே யாராவது தைக்கட்டும். - இல்லை, தைத்துவிட்டேன்.

மே 29, வியாழன்

போய்விட்டார்கள். 6.40 பஸ். 6.40க்கே கிளம்பியது. என்றைக்காவது ஒரு நாள் லேட்டாகப் போனால் என்ன?

மே 30, வெள்ளி

ஒருத்திக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று மறந்துபோச்சு.

ஜூன் 9, திங்கள்

மூன்றாம் வார்டு மூட்டையை நானே கேட்டு வாங்கிப் பிரித்தேன். சூப்பர்வைசர் ஏதோ கேட்க வந்தார். வேலையைப் பாருங்க என்றேன். அவர்தான் சூப்பர்வைசர் என்பது அப்புறம்தான் நினைவு வந்தது.

ஜூன் 22, ஞாயிறு

மூன்று மணிக்குச் சுண்டு போன் பண்ணினாள். மூச்சு விடாமல் பேசினாள். அப்பா பள்ளிக்கூடத்துக்கு நாற்பது நிமிஷம் முன்னாடியே கொண்டு விட்டுவிடுகிறாராம். கேட்டே திறந்திருக்காதாம். வாட்ச்மேன்கூட வந்திருக்க மாட்டாராம். தினம் வெளியே நிற்கிறாளாம்.

"நீ சொல்லேன் பெரியம்மா. நீ சொன்னா கேப்பார்."

சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது! அந்த மனுஷனைக் கூப்பிட்டு நாலு வாங்கு வாங்க வேண்டும் போல நாக்கு துடித்தது.

"நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு."

"கோவிச்சுக்குவார்."

"கோவிச்சுக்கட்டும். நீயும் கோவிச்சுக்கோ."

வைத்துவிட்டேன். பிள்ளை வருத்தப்பட்டிருப்பாள். துணி மடித்தேன், அலமாரி துடைத்தேன், போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறு மணிக்கு அவர் கூப்பிட்டார். "அக்கா, ஸ்கூல் கேட் எத்தனை மணிக்குத் திறப்பாங்கன்னு ஒருத்தரும் எனக்குச் சொல்லல பாருங்க."

"இப்ப யார் சொன்னது?"

"உங்க பொண்ணுதான். சொன்னாளா? கத்தினா அக்கா! பக்கத்து வீட்டுக்காரங்க எட்டிப் பார்த்தாங்க." குரலில் என்ன பெருமை, என்ன பெருமை.

அப்பனிடம் கத்துகிறாளாம். எட்டு மாதம் என்னோடு இருந்தாள். ஒரு நாள்கூட என்னிடம் கத்தினதில்லை.